துவக்கு இல்லாத வாடி

எங்கள் வட்டையில் காட்டோரத்து வாடி என்னுடையது. வட்டை என்றால் பல பேருடைய வயல்கள் ஒன்றாய்க் கிடக்கும் வெளி. மண்டூரிலிருந்து மேற்கே போய், பிள்ளையார் கோயிலைத் தாண்டி, வாய்க்கால் பாதை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அங்கே ஒரு மருத மரத்தடியில் தகரமும் கிடுகும் போட்டுக் கட்டியது என் வாடி. நெற்பயிர் வயிற்றில் கதிர் திரளத் தொடங்கினால் அறுவடை முடியும் மட்டும் யானைக்கும் பன்றிக்கும் காவலாக நான் அங்கேதான் கிடப்பேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, தனியாக, கையில் சுடுவதற்கு ஒரு துவக்கு இல்லாமல். இதைக் கேட்கிறவர்களுக்குப் புருவம் மேலே போகும். போகட்டும், அது அவர்களுடைய புருவம்.

காணி என் சீதனம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான்; மாப்பிள்ளை வந்து சேருவார். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து மகளுக்குப் போகும். என் மனிசன் இருந்த காலத்தில் வாடியில் அவர் கிடந்தார், நான் சோறு கொண்டு போனேன். சீனி வருத்தம் அவரைக் கொண்டுபோன பிறகு, காணியை யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று செத்த வீட்டுக்கு வந்தவர்களே கேட்டார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வாடிக்குப் போனேன். பெண்ணின் பேரில் காணி இருக்கலாமாம், பெண் அதில் கிடந்து காவல் காக்கக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். நானும் பேசவிட்டுவிட்டு, போகத்துக்குப் போகம் விதைத்தேன், காத்தேன், அறுத்தேன். பிறகு ஒரு வருடம் பேச்சு கூட்டத்துக்கே வந்துவிட்டது.

விதைப்புக்கு முன் கோயில் முற்றத்தில் வயல்காரரின் கூட்டம் நடக்கும். தண்ணீர் எப்போது திறப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது, யார் யார் எங்கே காவல் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். இவற்றுக்கெல்லாம் பொறுப்பாக நாங்களே தெரிவு செய்த மனிதர் வட்டை விதானையார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, காட்டோரத்து வாடியில துவக்கில்லாம இனி ஏலா. ஒரு துவக்கு எடு. இல்லாட்டி துவக்கிரிக்கிற ஆம்பிளை ஒராளிட்டக் காணியக் குத்தகைக்குக் குடு. இந்தப் போகம் பாப்பம். ஏதும் நடந்தா மறுகா நீ கதைக்கப்படாது."

எல்லாருக்கும் தெரியும், அந்த ஆம்பிளை யார் என்று. என் வயலுக்குக் கிழக்கே வயல் செய்கிறவன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன். கட்டாரில் சில வருடம் உழைத்துவிட்டு வந்து, அரசாங்கக் கச்சேரியில் அனுமதி எடுத்து, ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. என் மனிசனின் செத்த வீட்டுக்குப் பந்தல் போட்டவனே அவன்தான். ஆனால் என் காணியில் அவனுக்கு ஒரு கண், அதை அவன் மறைத்ததும் இல்லை.

"நான் பாத்துக்குவன் அக்கா," என்றான். "எனக்கு என்ட வாடிய விட்டு வரவும் தேவல்ல. அங்க இரிந்தே ஒரு வெடி வெச்சாக் காணும்."

அவனுடைய வாடி வட்டையின் நடுவில், வாய்க்கால் மேட்டில் இருந்தது. துவக்கு வைத்திருந்த மற்றவர்களின் வாடிகளும் அந்த மேட்டில்தான். ஆக, அந்தப் போகம் எனக்கு ஒரு தவணை. ஏதாவது நடந்தால் காணி கை மாறும். குத்தகைக்கென்று போன காணி திரும்பி வந்த கதையை நான் அதிகம் கேட்டதில்லை.

என் மருமகனுக்கும் இந்தக் கவலை பிடித்துக்கொண்டது. அவர் நாவற்குடாவில் ஒரு கராஜில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வாடிக்கு வருவார். சாதுவான மனிதர். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் தொடங்கினார்.

"மாமி, ஒரு துவக்குக்கு எழுதிப் போடுவமா? காணி உங்கட பேரிலதானே இரிக்கு. உங்கட பேரிலயே எடுக்கலாம்."

"எனக்கு என்னத்துக்கு மகன் துவக்கு?"

"யானை மட்டுமா மாமி? குடிச்சிற்று வருவானுகள், மாடு களவெடுக்க வருவானுகள். வாய்க்காலுக்குப் போகக்குள்ள தோளில போட்டுக்குப் போனா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். நீங்க தனியப் பொம்பிளை."

"தோளில துவக்குக் கிடந்தா நான் தனிய இல்லையா?"

மகள் சிரித்துவிட்டாள். அவருக்கு முகம் சுருங்கியது. அக்கறையில் கேட்கிற மனிதரை இப்படி மடக்கியது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அதனால் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, என் அப்பாவின் கதையைச் சொன்னேன்.

அப்பாவிடமும் ஒரு துவக்கு இருந்தது. பன்றிக்கு வெடி வைக்க, முறையான அனுமதியோடு எடுத்தது. நாட்டில் சண்டை தொடங்கிய காலத்தில் ஒரு பக்கத்து ஆட்கள் வந்தார்கள். எந்த வீட்டில் துவக்கு இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த விசயம். மரியாதையாகத்தான் கேட்டார்கள், அப்பாவும் எடுத்துக் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வது? கொஞ்ச நாளில் மற்றப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். உன் துவக்கு எங்கே என்று கேட்டார்கள். கொடுத்த இடத்தைச் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, சாகும் மட்டும் எழும்பவில்லை. துவக்கில்லாத பக்கத்து வீட்டுப் படலையை இரண்டு பக்கத்தாரும் தட்டவில்லை. உயிரைக் காக்கத்தான் துவக்கு என்று என்னிடம் யாராவது சொன்னால், அப்பா இடது கையால் சோறு பிசைந்ததுதான் எனக்கு முன்னால் வந்து நிற்கும். அடக்க முடியாத கோபம் வரும்.

"அது சண்டைக் காலம் மாமி," என்றார் மருமகன்.

"ஓம். இப்ப வாறவன் என்ட சோத்துப் பானையப் பாத்திட்டுப் போயிருவான். வாடியில துவக்கு இரிக்கெண்டு தெரிஞ்சா அதைப் பறிக்கவும் ஒருத்தன் வருவான். மடியில கனமிருந்தாத்தான் மகன் வழியில பயம்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். போகும்போது, தன்னுடைய பெரிய டோர்ச் லைட்டை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பயமில்லையா என்றால், இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். சளசளவென்று கத்திக்கொண்டிருக்கும் தவளைகள் சட்டென்று நின்றால் பாயில் எழும்பி இருந்துவிடுவேன். ஆனால் பயத்துக்கு எங்கள் வட்டையில் துவக்கை விடப் பழைய மருந்து ஒன்று உண்டு. அதுதான் கூ, தொண்டை திறந்து நீட்டிக் கூவுவது. ஒரு வாடியிலிருந்து கூ வைத்தால் மற்ற வாடிகள் பதில் கொடுக்க வேண்டும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் கொடுக்க வேண்டும், கோபமாக இருந்தாலும் கொடுக்க வேண்டும்.

அந்தப் போகம் மார்கழியில், மழை விட்ட ஒரு மத்தியானம், கள் நாற்றத்தோடு நாலைந்து பேர் காட்டுப் பக்கமிருந்து என் வாடிக்கு வந்தார்கள். ஊருக்குப் புதிய முகங்கள். நெருப்புக் கேட்டார்கள், கொடுத்தேன். பிறகு ஒருவன் வாடிக்குள் எட்டிப் பார்த்து, "ஆம்பிளை ஆரும் இல்லையா?" என்றான்.

"இரிக்காங்க. கூப்பிடவா?" என்று சொல்லிவிட்டு, வரம்பில் ஏறி நின்று ஒரு கூ வைத்தேன். கிழக்கிலிருந்து ஒன்று, வாய்க்கால் மேட்டிலிருந்து இரண்டு, அப்பாலிருந்து இன்னுமொன்று என்று பதில் வந்தது. வந்தவர்கள் பீடியைக்கூடப் பற்றவைத்து முடிக்கவில்லை, வந்த வழியே போனார்கள். அன்றைக்குப் பதில் கொடுத்தவர்களில் கட்டாரிலிருந்து வந்த தம்பியும் ஒருவன். அதை நான் மறுக்கப் போவதில்லை.

யானைக்கும் கூதான். வயலுக்குள் நாங்கள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பெரியவர் என்போம். பெரியவர் உள்ளே வர நாலு வழி வைத்திருப்பார், காட்டுக்குத் திரும்புவது மட்டும் என் வாடிக்குப் பக்கத்து வரம்பால்தான். அதனால் அவரை முதலில் காண்கிறவர் கூ வைத்து, எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். நான் அடுப்பை அவித்து, விளக்கை அணைத்து, மருத மரத்துப் பரணில் ஏறியிருந்து பதில் கொடுப்பேன். வழி திறந்திருக்கிறது, அனுப்புங்கள் என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகுதான் வனசீவராசி இலாகாக்காரர் தந்த யானை வெடியை, அந்தப் பெரிய பட்டாசை, கொளுத்திப் போடுவார்கள். பெரியவர் வாழைத் தோட்டத்துக்குப் போய்வந்த வீட்டுக்காரரைப் போல நடந்து போவார். மின்சார வேலி வரும் என்று சொல்லித் தூண்கள் வந்து கோயிலடியில் கிடக்கின்றன. அது வரும்போது வரட்டும்.

தைப்பொங்கல் முடிந்து சில நாள். பொழுது படுகிற நேரம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, தணலில் ஒரு துண்டுக் கருவாடு போட்டிருந்தேன். வாய்க்கால் மேட்டுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். துவக்குத்தான். பன்றிக்காக்கும் என்று நினைத்து, கூவுக்காகக் காதைக் கொடுத்து நின்றேன். கூ வரவில்லை. "தம்பியோவ்" என்று நான் கூப்பிட்டேன். பதிலாக இன்னொரு வெடிதான் வந்தது.

அதற்குப் பிறகு வயல் தண்ணீர் சளார் சளாரென்று அடிபடுகிற சத்தம், கிட்டக் கிட்ட. பெரியவர் வந்தார். நடந்து அல்ல, ஓடி. காதை விரித்துக்கொண்டு, பயிரைக் கிழித்துக்கொண்டு, நேரே தன்னுடைய வழிக்கு. அந்த வழியில் என் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அடுப்புக்குப் பக்கத்தில் நான். நெருப்பைக் கண்டு அவர் நின்றார். பின்னால் வெடி, முன்னால் நெருப்பு. பாவம், அவரும் எங்கே போவார்?

என் கால் மண்ணோடு ஒட்டிக்கொண்டது. பரணுக்கு ஏறுகிற ஏணி அடுப்புக்கு அந்தப் பக்கம். மகளை நினைத்தேன், பிள்ளையாரே என்றேன், எது முதலில் என்று தெரியாது. கால் எப்படியோ எழும்பிச் சோற்றுப் பானையை உதைத்தது. கஞ்சி கொட்டி நெருப்பு புகைந்து அவிந்தது. நான் மருத மரத்துக்குப் பின்னால் போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் வாடிக்குள் புகுந்தார். தகரம் பறந்தது, கிடுகு பறந்தது, அரிசிச் சாக்கும் உப்பும் காலுக்குள் போயின. ஏணி முறிகிற சத்தம் கேட்டது. மரத்தைத் தாண்டிப் போகும்போது அவருடைய காதோரம் இரத்தம் போல ஈரம் மின்னியது. பிறகு காடு அசைந்தது, அடங்கியது.

தம்பி துவக்கோடு ஓடி வந்தான். "அக்கா, அக்கா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான். என்னை உயிரோடு கண்டதும் வரம்பில் குந்திவிட்டான். குந்தியிருந்தே அழுதான்.

"ஏன்டா கூ வைக்கல்ல?" என்று கேட்டேன்.

"வெடிச் சத்தம் கேட்டிருக்குந்தானே அக்கா."

"கேட்டிச்சி. எந்தப் பக்கம் வாறாரெண்டு உன்ட துவக்கு சொல்லல்ல."

மேலே பார்த்துத்தான் சுட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். முதல் வெடிக்கு அவர் அசையவில்லையாம், அதனால் இரண்டாவதும் வைத்தானாம். கூ அவனுக்கு நினைவிலேயே வரவில்லை. துவக்குக் கையிலிருந்தால் மற்ற வாடிகள் எதற்கு? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுடைய துவக்கைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருப்பேன். அழுதுகொண்டிருந்த பிள்ளையை ஏசவும் மனம் வரவில்லை. போய்ப் படு என்று அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் வைத்தார்கள். என் வாடி முறிந்ததற்குத்தான் கூட்டம். மருமகனும் வேலைக்குப் போகாமல் வந்து பின்னால் நின்றார். விதானையார் வருத்தமாகத்தான் பேசினார்.

"நான் சொன்னன்தானே தங்கச்சி. துவக்கு இரிந்திருந்தா வாடி நிண்டிருக்கும். உன்ட நல்லதுக்குத்தான் சொல்றம். மிச்சக் காவலுக்கு இவன் நிக்கட்டும், வாற போகம் குத்தகைக்குச் செய்யட்டும்."

ஆம்பிளைகள் ஓம் ஓம் என்றார்கள். பெண்கள் கிணற்றடியில் நின்று கேட்பதுதான் வழக்கம். நான் கிணற்றடியை விட்டு முற்றத்தின் நடுவுக்குப் போனேன். "நல்லாக் கேளுகா," என்று பின்னால் ஒருத்தி சொன்னாள்.

"ஆர்ட வெடிக்குப் பெரியவர் என்ட அடுப்படிக்கு வந்தாரு?" என்று கேட்டேன். "கூ வைக்காம ஆரு வெடி வெச்ச?"

ஆம்பிளைகள் எல்லாரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி எழும்பினான்.

"கூ வைக்காதது பிழைதான் அக்கா. ஒத்துக்கிறன். அதுக்காக அந்தக் காட்டோரத்தில வெறுங்கையோட நீங்க கிடக்கிறதும் சரியில்லத்தானே?"

"சரி," என்றேன். "துவக்குத்தான் காவலெண்டா, துவக்கிரிக்கிறவரு காட்டோரத்தில கிடக்கட்டும். வெறுங்கையோட இரிக்கிறவள் நடுவில கிடக்கிறன். அதுதானே நியாயம்? நீ என்ட வாடிக்கு வா, நான் உன்ட வாடிக்குப் போறன். அறுவடை மட்டும் அங்க தனியக் கிட. காத்துத் தந்தாக் காணிய உனக்கே தாறன், விதானையார் சாட்சி."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. விதானையார் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். நான் துவக்கு வைத்திருந்த மற்றவர்களையும் விடவில்லை, ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவருக்கு நாரி நோவாம், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒருவருக்கு மனிசி மாசமாம், வாடிக்கே இனி வருவது சந்தேகமாம். இன்னொருவர் எனக்குப் பின்னாலிருந்த அரச மரத்தில் எதையோ தேடினார். கிணற்றடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, போறயா?" என்று விதானையார் கேட்டார்.

அவன் காட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டு, ஆனால் உண்மையாகச் சொன்னான்.

"அது ஒரு வெடிதானே அண்ணன். வெச்சிற்று மறு தோட்டாப் போட நேரம் வேணும். அங்க தனியக் கிடக்கக்குள்ள அவர் நேர வந்தா நான் என்ன செய்யிற?"

"நேர வந்தாரு தம்பி," என்றேன். "நான் அங்கதான் நிண்டன்."

குத்தகைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நானும் மருமகனும் கோயிலடியிலிருந்து நேரே காட்டோரத்துக்குப் போய், நெளிந்த தகரங்களை மிதித்து நிமிர்த்தினோம். பொழுது படுவதற்குள் வாடிக்கு ஒரு பக்கக் கூரை போட்டாயிற்று. அந்தப் போகம் அறுத்து முடியும் மட்டும் நானே கிடந்தேன்.